வாயு அளக்கிற வேலை

எண்பதுகளின் நடுவில் நான் வேதியியல் பட்டம் வாங்கியபோது, டீச்சர் வேலைக்குத்தான் போவேன் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். கிடைத்ததோ அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் லேப் வேலை. பூந்தமல்லியில் பஸ் ஏறினால் வேலப்பன்சாவடி தாண்டும்வரை நின்றுகொண்டே போக வேண்டும். அதற்கப்புறம் அதிர்ஷ்டம் இருந்தால் உட்கார இடம் கிடைக்கும். திரும்பி வரும்போது மட்டும் எனக்குச் சுலபமாக இடம் கிடைத்துவிடும். என் புடவையில் இருந்து வரும் வாசனைதான் காரணம். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுளித்து, "யாரோ சாம்பார் தூக்கைக் கொட்டிட்டாங்க போல" என்று நகர்ந்து உட்காருவார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வாசனை நாங்கள் காய்ச்சிய சோயாச் சாற்றின் வாசனை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட், பின்பக்கம் பாய்லர், நடுவில் ஒரு பெரிய ஸ்டீல் டாங்க், ஓரத்தில் பலகைத் தடுப்பு வைத்த லேப், இவ்வளவுதான் கம்பெனி. சோயா மாவைத் தண்ணீரில் கரைத்து, பப்பாளிப் பாலில் இருந்து எடுத்த நொதியைச் சேர்த்து, நாள் முழுக்க இளஞ்சூட்டில் வைத்திருப்போம். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. நொதி அந்த மாலையை அறுத்து மணிமணியாக உதிர்த்துவிடும். உதிர்ந்த சாற்றை வடிகட்டிச் சுண்டவைத்து, டின்களில் அடைத்து, சத்து டானிக் செய்கிற ஒரு கம்பெனிக்கு அனுப்புவோம். எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அவர்கள்தான்.

லேபில் எனக்கு மேலே ஒரு அக்கா இருந்தார். அம்பத்தூரிலேயே வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சபையில் ஆர்மோனியம் வாசிப்பார். வேலை நேரத்தில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் எதையும் செய்வார். அவர் பாட்டை நிறுத்தினால் ஏதோ தப்பாகிவிட்டது என்று பொருள்.

டாங்கைப் பார்த்துக்கொண்டவர் நசரத்பேட்டையில் இருந்து சைக்கிளில் வருகிற ஒரு அண்ணன். அவருடைய அப்பா அம்மா அந்தப் பக்கத்து வயல்களில் கூலிவேலை செய்தவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கம்பெனி வேலைக்கு வந்தவர் அவர்தான். அந்த டாங்கை அவர் தன் சொந்தப் பொருளைப்போலத் துடைத்து வைத்திருப்பார். யாராவது அதன்மேல் கை வைத்துச் சாய்ந்து நின்றால் உடனே குரல் கொடுப்பார்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் டானிக் கம்பெனியில் இருந்து ஒரு சேதி வந்தது. அதுவரை எங்கள் சாற்றில் மொத்தம் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வந்தோம். அது போதாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். கோத்த மாலையாக இருந்தாலும் உதிர்ந்த மணியாக இருந்தாலும் மொத்த நைட்ரஜன் ஒரே அளவுதான் காட்டும். எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. அதற்கு அமினோ நைட்ரஜனைத் தனியாக அளக்க வேண்டும். அந்த எண் அவர்கள் கேட்கிற அளவுக்கு வராவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

முதலாளி இரண்டு நாள் யோசனையாகவே இருந்தார். பிறகு ஒரு நாள் ஆட்டோவில் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். சிட்டியில் மூடிவிட்ட ஓர் ஆய்வுக்கூடத்தின் சாமான்களை விற்றபோது வாங்கியதாம். பெட்டி நிறைய வைக்கோல். அதற்குள் வளைந்தும் புடைத்தும் கிடந்தன கண்ணாடிக் குழாய்கள், குமிழ்கள், திருகுகள்.

டாங்க் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஆஸ்பத்திரி சாமான் மாரி கீது?"

"வாயுவை அளக்கற கருவிய்யா. சாத்துல இருக்கற அமினோ அமிலத்தை இது வாயுவா மாத்தி அளந்து சொல்லும்" என்றார் முதலாளி.

"வாயுவா? என் மாமியாரை ஒரு தபா இட்டாரட்டுமா சார்? அளந்து குடுங்க."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் சிட்டியில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து படித்து, வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்துப் பார்த்துக் குழாய்களை ஸ்டாண்டில் மாட்டினோம். மூன்றே பாகம்தான் அது. ஒன்று, ரசாயனம் நடக்கிற கண்ணாடிக் குமிழ். இன்னொன்று, கோடு போட்ட நீளக் குழாய். வாயு எவ்வளவு என்று அதில்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது, ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல் நிரப்பிய குடுவை.

குமிழுக்குள் நைட்ரைட் கரைசலையும் அசிட்டிக் அமிலத்தையும் விட்டால் அது நுரைத்துப் பொங்கி, உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் வெளியே தள்ளிவிடும். அப்புறம் எங்கள் சாற்றில் கொஞ்சம் உள்ளே விட்டு, குமிழை விடாமல் குலுக்க வேண்டும். அமினோ அமிலத்தில் இருக்கும் நைட்ரஜன் வாயுவாகக் கிளம்பும். கூடவே வேண்டாத இன்னொரு வாயுவும் வரும். எல்லாவற்றையும் ஊதாக் கரைசலுக்குள் தள்ளிவிட்டுத் திரும்ப இழுத்தால், வேண்டாததை அந்தக் கரைசல் விழுங்கிவிடும். மிச்சம் சுத்தமான நைட்ரஜன். அதைக் கோடு போட்ட குழாயில் அளந்து, அறையின் வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தினால் கணக்கு வந்துவிடும்.

படிக்கும்போது எளிதாகத்தான் இருந்தது. முதல் நாள் செய்தபோது சாறு சோப்புத் தண்ணீர்போல நுரைத்து, அளக்கிற குழாய்க்குள்ளேயே ஏறிவிட்டது. நுரையை அடக்க ஒரு சொட்டு ஆல்கஹால் வகை எண்ணெய் விட வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது. அதை வாங்கி வந்து விட்டதும் நுரை அடங்கியது. குலுக்குகிற வேலை என்னுடையது. குமிழைக் கையால் பிடித்து ஒரே சீராக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார். சாயங்காலம் பஸ் ஏறும்போது கம்பியைப் பிடிக்கக் கை எழாது.

வீட்டில் அம்மா, "ஏன்டி தோளைத் தேச்சுக்கற, அப்படி என்ன வேலை அங்க?" என்று கேட்டார்.

"கேஸ் அளக்கறேம்மா."

அப்பா செய்தித்தாளில் இருந்து தலையைத் தூக்காமல், "அதுக்கு அம்பத்தூர் வரைக்கும் போகணுமா, உங்க மாமா வீட்டுக்கு வந்தா போதுமே" என்றார்.

நான் சொன்னதில் கேஸ் என்ற ஒரு வார்த்தையை மட்டும் அம்மா பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேரிடம், "எம் பொண்ணு கேஸ் கம்பெனியில இருக்குது" என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் சமையல் கேஸ் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தவர்கள். அடுத்த வாரத்தில் இருந்து எனக்குத் தெருவில் ஒரு புது மரியாதை வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். மூலைக் கடைக்காரர் சில்லறை பாக்கியைத் தானாகவே கூப்பிட்டுக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார்.

"நம்ம ஊட்டுக்கு ஒரு சிலிண்டருக்குச் சொல்லும்மா. எய்திப் போட்டு எத்தினி வருசமாச்சு. நீ கை வெச்சா நடக்கும்னு சொன்னாங்க."

"அண்ணே, நான் அளக்கறது அடுப்புல எரியற கேஸ் இல்ல. அது எரியவே எரியாது."

"எரியாத கேஸை எவன்மா வாங்குவான்?" என்றார் அவர். நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

லேபில் ஒருவழியாக அளவு படிய ஆரம்பித்தது. ஒரே சாற்றைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் ஒரே எண் வந்தது. கணக்குப் போட்ட அக்கா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டானிக் கம்பெனி கேட்ட அளவைவிட எங்கள் சாற்றில் ஏகத்துக்கு அதிகம். அக்கா முதலாளியைக் கூப்பிட்டார். அவர் ஓடி வந்தார். சேதி டாங்க் அண்ணனுக்குப் போனது.

"நான் காச்சுனா சும்மாவா?" என்றார் அவர், துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு.

முதலாளி அன்று மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். டாங்க் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா மட்டும் பாட்டு முணுமுணுக்கவில்லை என்பதைச் சாப்பிட்டு முடிக்கும்போதுதான் கவனித்தேன்.

"என்னக்கா?"

"இவ்வளவு நல்லா வரக்கூடாதும்மா. சாத்துல இருக்கற மொத்த நைட்ரஜனைவிட அமினோ நைட்ரஜன் அதிகமா காட்டுது. முழு இட்லியைவிட பாதி இட்லி பெரிசா இருக்குமா?"

மறுநாள் காலையில் அலமாரியில் இருந்து அலனின் பாட்டிலை எடுத்தார். அது கலப்பில்லாத ஓர் அமினோ அமிலம். அதில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கும் என்பது கணக்குப்படி நன்றாகத் தெரியும். அதை நிறுத்துக் கரைத்துக் கருவியில் விட்டோம். நான் குலுக்கினேன். வந்த எண் இருக்க வேண்டியதைப்போலச் சரியாக இரண்டு மடங்கு.

இருவரும் ஜெராக்ஸ் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தோம். ஒரு பக்கத்தின் கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அந்த வரியில்தான் ஏதோ வகுத்தல் இருந்திருக்கிறது. அக்கா ஒரு காகிதத்தில் ரசாயனச் சமன்பாட்டை எழுதிப் பார்த்தார். எழுதி முடித்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இங்க பாரு. வர்ற வாயுல நைட்ரஜன் எப்பவும் ஜோடி ஜோடியாத்தான் இருக்கு. அதுல ஒன்னு அமினோ அமிலத்தோடது. இன்னொன்னு நாம ஊத்தற நைட்ரைட்டோடது. கல்யாண மண்டபத்துல பாதி பொண்ணு வீடு, பாதி மாப்பிள்ளை வீடு. நாம எல்லாரையும் பொண்ணு வீட்டுக் கணக்குல எழுதிட்டோம்."

பாதியாக்கிப் பார்த்தோம். அலனின் கச்சிதமாக இருந்தது. கருவி சரி, குலுக்கல் சரி. எங்கள் சாறுதான் சரியில்லை. டானிக் கம்பெனி கேட்ட அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே நின்றது.

அக்கா முதலாளி அறைக்குப் போனார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு முதலாளியின் குரல் கேட்டது.

"நல்லவேளை, பிரியாணியை முந்தாநாளே சாப்பிட்டாச்சு. இல்லன்னா அதையும் பாதியாக்கியிருப்பீங்க."

பிரியாணி நேற்றுத்தான் சாப்பிட்டோம். அவர் அவ்வளவு தடுமாறிப் போயிருந்தார். ஆனால் திட்டவில்லை. சாற்றை எப்படிச் சரிசெய்வது என்று பாருங்கள், ஒரு மாதம் தவணை கேட்டு வாங்குகிறேன் என்றார்.

அந்த மாதத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீடு ஆவடி. மாப்பிள்ளையும் அவருடைய அண்ணனும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்கு மூன்று தெரு தள்ளி ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் அம்மாவும் அண்ணன் அண்ணியும் அவருமாக வந்தார்கள். அவர் சட்டையின் கையை நன்றாக இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு தெரிந்தது.

காப்பி கொடுத்து முடித்ததும் அவருடைய அம்மா ஆசையாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேஸ் கம்பெனியில வேலைன்னு சொன்னாங்க. எங்க ஊட்லயும் எய்திப் போட்டிருக்கோம்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடுமா, பின்னாடியா?"

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"அந்த கேஸ் இல்லைங்க. இது நைட்ரஜன். நாம மூச்சு விடற காத்துல முக்காவாசி அதுதான். அதுல தீக்குச்சியைக் காட்டுனா அணைஞ்சிடும்."

அம்மாவின் முகம் சிறுத்துவிட்டது. இந்தச் சம்பந்தம் போச்சு என்று அவர் முடிவுகட்டியது எனக்கே தெரிந்தது. அப்போது மாப்பிள்ளை முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"காத்துலயே இருக்கறதை எதுக்கு அளக்கறீங்க?"

நான் சொன்னேன். மாலை, மணி, நொதி, குமிழ், ஊதாக் கரைசல் எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பார்க்க வந்த இடத்தில் இவ்வளவு பேசியிருக்கக் கூடாது என்று பாதியிலேயே தோன்றியது. ஆனால் அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குலுக்கறது எப்படி?"

"கையாலதாங்க."

"ஒரே சீரா வராதே."

"வராதுங்க. கையும் வலிக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருடைய அம்மா எழுந்திருக்கும்போது, "போவட்டும், எரியாத கேஸ்தானே. ஆபத்து இல்லாத வேலை" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். இரண்டு நாள் கழித்துச் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள்.

லேபில் அக்கா ஒரு யோசனை வைத்திருந்தார். இதுவரை கடைசியில் இறக்கிய சாற்றை மட்டும்தான் அளந்திருந்தோம். காலையில் நொதி போட்டதில் இருந்து மணிக்கு ஒரு தடவை டாங்கில் இருந்து எடுத்து அளந்தால், மாலை எப்படி அறுபடுகிறது என்று தெரியும். எங்கே நின்றுபோகிறது என்பதும் தெரிந்துவிடும். அப்படியென்றால் நாள் முழுக்க ஓயாமல் குலுக்க வேண்டும். நான் என் தோளைத் தடவிக்கொண்டேன்.

முதல் நாளே முழங்கைக்குமேல் உயிர் போனது. மறுநாள் மத்தியானம் டாங்க் அண்ணன் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"தங்கச்சி, மாப்ள வந்துகீறாரு. கையில இன்னாவோ எடுத்துகினு வந்துகீறாரு."

சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்றோடு அவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். சாக்கைப் பிரித்தால் ஒரு தையல் மிஷின் மோட்டார். அதன் அச்சில் மையம் தள்ளிக் கடைந்த ஒரு சிறு சக்கரம். அதில் இருந்து நீண்ட ஒரு தண்டு, தண்டின் முனையில் ரப்பர் வைத்த பிடி. குமிழின் கழுத்து அளவு தெரியாததால் பிடியைக் கூட்டிக் குறைக்கும்படி செய்திருந்தார்.

"பழைய மோட்டார்தான். பட்டறையில சும்மா கிடந்தது" என்றார். அக்காவிடம்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

மேஜையில் வைத்து ஸ்விட்சைப் போட்டதும், குமிழ் ஆடுவதற்குப் பதில் மேஜை ஆடிக்கொண்டே சுவரை நோக்கி நகர்ந்தது. டாங்க் அண்ணன் பாய்ந்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா கீது மாப்ள, ஊட்டுக்கு நடந்தே வந்துடும்" என்றார். மாப்பிள்ளை சிரிக்காமல் பையில் இருந்து போல்ட்டுகளை எடுத்து மேஜையைச் சிமெண்ட் திண்டோடு முடுக்கினார். வேகத்தைக் குறைக்க மோட்டாரில் ஒரு ரெகுலேட்டரையும் சேர்த்தார். அடுத்த தடவை குமிழ் தொட்டில்போல ஒரே சீராக ஆடியது. உள்ளே நுரை எழுந்து அடங்கியது. அக்கா பாட ஆரம்பித்தார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மாப்பிள்ளையிடம் சொல்ல ஆசைப்பட்டேன். சுற்றி இத்தனை பேர் இருந்ததால் "தேங்க்ஸுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதற்கப்புறம் மணிக்கு ஒரு தடவை அளப்பது சாதாரண வேலையாகிவிட்டது. எண்களைக் கோடாக வரைந்து பார்த்தார் அக்கா. காலை முழுக்கக் கோடு அழகாக ஏறியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறவே இல்லை. சாயங்காலம் வரைக்கும் தரையில் படுத்ததுபோல அப்படியே கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

"சாப்பாட்டு வேளையில இந்த டாங்குக்கு என்ன ஆகுது?" என்றார் அக்கா.

டாங்க் அண்ணனைக் கேட்டோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா ஆவுது? நான் சாப்புடப் போறப்ப ஆறிப் போவக்கூடாதுன்னு ஸ்டீமை நல்லாத் தொறந்து வுட்டுட்டுத்தான் போறேன். ஒரு நாளு ஆற வுட்டது இல்ல. கொதிச்சிகினு கீறப்பதான் வந்து மூடுவேன். இத்தினி வருசமா இப்டித்தான் காச்சிகினு கீறேன்."

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆளில்லாத அந்த நேரத்தில் டாங்கை யாருமே அளந்து பார்த்ததில்லை. சூட்டைக் காட்டும் முள் மீட்டரிலும் வெகுநாளாக ஆவி படிந்து கிடந்தது. அதைத் துடைத்துப் பார்க்க வேண்டியது லேபின் வேலைதான்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அண்ணே, நீங்க அக்கறையாத்தான் செஞ்சீங்க. இது குழம்பு மாதிரி கொதிக்கக் கூடாது. கொதிக்கற பால்ல உறை ஊத்துனா தயிர் ஆகுமா?"

"எங்க ஆவும்? திரிஞ்சி பூடும்."

"அதேதான். நாம போடற நொதியும் உறை மாதிரி. கொதிச்சா செத்துடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் காய்ச்சுனாலும் ஒன்னும் நடக்காது."

அவர் டாங்கைத் திரும்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "அப்ப மத்தியானத்துக்கு மேல நான் சும்மாதான் காச்சிகினு இருந்தேனா?" என்றார். அவர் துணியை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத இடத்தை எல்லாம் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தானே வந்து, "நாளைக்கி எவ்ளோ சூட்ல வெக்கணும்னு சொல்லு, வெச்சிக் காட்றேன்" என்றார்.

மறுநாள் அவர் சாப்பாட்டுக்கு வெளியே போகவில்லை. டாங்க் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் ஸ்டீம் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். புது வெப்பமானியைப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தோம். நாங்களும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்தோம். அவர் வீட்டுக் கருவாட்டுத் தொக்கில் எனக்குப் பங்கு கிடைத்தது.

மத்தியானத்துக்குப் பிறகு எடுத்த சாற்றை அளந்தோம். கோடு ஏறியிருந்தது. அடுத்த மணிக்கும் ஏறியது. நான் ஒவ்வொரு எண்ணையும் தடுப்புக்கு மேலே எட்டிச் சொல்வேன். அவர் அங்கிருந்து, "இன்னும் ஏறட்டும், இன்னும் ஏறட்டும்" என்பார். சாயங்காலம் வந்த கடைசி எண் டானிக் கம்பெனி கேட்டதைத் தாண்டிவிட்டது. அக்கா இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. அலனினை ஒருமுறை, சாற்றை இன்னொரு முறை செய்து பார்த்தார். பாதியாக்கியாயிற்றா என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். அதற்கப்புறம்தான் முதலாளி அறைக்குப் போனார்.

தவணை முடிகிற வாரத்தில் டானிக் கம்பெனியில் இருந்து ஒரு கெமிஸ்ட் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். சாற்றைத் தானே டாங்கில் இருந்து பிடித்துக்கொண்டார். பாதியைச் சீல் வைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மீதியை எங்கள் கருவியில் தன் கையாலேயே செய்து பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த குமிழை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எந்தக் கம்பெனி ஷேக்கர்?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "பக்கத்துத் தெருவுல ஒரு பட்டறை சார்" என்றேன்.

"எங்களுக்கும் ஒன்னு வேணுமே. முகவரி கொடுங்க" என்றார்.

சில நாளில் அவர்கள் லேபில் அளந்த எண்ணும் வந்தது. எங்கள் எண்ணுக்கும் அதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆர்டர் நின்றது. இன்னும் அதிகமாகவும் கேட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்து எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அக்கா ஆர்மோனியத்தோடு வந்து இரண்டு பாட்டுப் பாடினார். டாங்க் அண்ணன் குடும்பத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமியாரையும் கூட்டி வந்திருந்தார். கல்யாணம் முடிந்து ஆவடியில் இருந்து வேலைக்குப் போக ஆரம்பித்தேன். காலையில் இருவரும் ஒன்றாகவே கிளம்பி மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு வருவோம்.

அந்த வருஷத்து மழைக்காலத்தில் இரண்டாவது டாங்க் வந்தது. லாரி தொழிற்பேட்டைத் தெருவில் திரும்பும்போதே பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. டாங்க் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். பக்கத்துக் கம்பெனிகளில் இருந்து சங்கு ஊதாமலே ஆட்கள் வந்துவிட்டார்கள். லேத் பட்டறையில் இருந்து என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் ஜாக்கியோடும் கட்டைகளோடும் வந்தார்கள். நாங்கள் பெண்கள் எல்லோரும் ஒரு கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டோம். டாங்க் அண்ணன் லாரிமேல் ஏறி நின்று, தேர் இழுக்கிறமாதிரி குரல் கொடுத்தார். மூன்றாவது இழுப்பில் லாரி துள்ளி மேலே வந்தது. கயிறு தளர்ந்து நாங்கள் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவராகச் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். எழுந்திருக்க முடியாமல் அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் யாரும் சொல்லாமலே ஒரு பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.